சிற்றிலில் பெரியவர்கள்

நாற்பத்தைந்து வயதும், நரை கண்ட மீசையும், கணக்குத் தணிக்கையாளர் என்ற கண்டிப்பான உத்தியோகமும் உடைய என் நண்பர் ஒருவர், ‘மை லிட்டில் போனி: ஃபிரண்ட்ஷிப் இஸ் மேஜிக்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் மீது தமக்குள்ள அபிமானத்தை நெடுநாள் ஒளித்து வைத்திருந்து, சென்ற மாதம் என்னிடம் வெளியிட்டதோடு நில்லாமல், அதற்கு நீண்டதொரு சமாதானமும் சொன்னார். அபிமானத்தைப் பற்றி எனக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை. சமாதானந்தான் என்னை எழுத வைக்கிறது. தொடர் பெயருக்குத்தான் சிறு பெண்களுக்கானது, உண்மையில் பெரியவர்கள் ரசிக்க வேண்டிய ஆழம் அதில் இருக்கிறது என்பது அவர் வாதம். அதை நிரூபிக்க ஓர் அத்தியாயத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து போட்டும் காட்டினார். அதைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன்.

ப்ரோனிகள் என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்ட ஆண் ரசிகர் கூட்டத்தைப் பார்த்து உலகம் செய்த பரிகாசத்தில் எனக்குப் பங்கில்லை. பெண் குழந்தைக்கு உகந்தது ஆணுக்கு இழிவு என்ற அற்பமான எண்ணத்தில்தான் அந்தப் பரிகாசத்தின் பெரும்பகுதி பிறந்தது. அவர்களிற் பலர் இசை அமைத்தார்கள், சித்திரம் தீட்டினார்கள். 2011-இல் நியூயார்க்கில் சுமார் நூறு பேரோடு தொடங்கிய தங்கள் மாநாட்டை, 2015-க்குள் பால்டிமோர் நகரில் பதினாயிரம் பேருக்கு மேல் கூடும் திருவிழாவாகவே ஆக்கிவிட்டார்கள். வன்மமற்ற ஒரு கதையைப் பார்த்து ஓர் ஆண்பிள்ளைக்கு மனம் இளகினால் நாட்டுக்கு அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

தொடரும் மட்டமானதன்று. ஹாஸ்ப்ரோ என்னும் பொம்மைக் கம்பெனி தன் சரக்கை விற்பதற்காக எடுப்பித்தது என்ற பிறவித் தோஷத்தையும் மீறி அதற்கு ஓர் உயிர் வாய்த்ததற்குக் காரணம், 2010-இல் அதைத் தோற்றுவித்த லாரன் ஃபாஸ்ட் என்ற பெண்மணி. சிறுமியாயிருந்தபோது அந்த மட்டக்குதிரைப் பொம்மைகளை வைத்துக்கொண்டு தாம் மனத்திலே கட்டிய சாகசக் கதைகள் எங்கே, அதே பொம்மைகளின் பெயரால் தொலைக்காட்சியில் வந்த சப்பென்ற கதைகள் எங்கே என்ற ஏமாற்றத்தை மறவாமலே வளர்ந்தவர் அவர். பெண் குழந்தைகளுக்கென்று எடுப்பது அசட்டுத்தனமாகத்தான் இருக்க வேண்டும் என்ற வியாபார சம்பிரதாயத்தை உடைப்பதே அவர் உத்தேசம். ஆகவே, புத்தகமே உலகமாக இருக்கும் ட்வைலைட் ஸ்பார்க்கிள், தோட்டத்தில் உழைத்து உரமேறிய ஆப்பிள்ஜாக், கூச்சமே உருவெடுத்த ஃப்ளட்டர்ஷை என்று ஆறு வேறு வேறு சுபாவங்களை ஒன்று சேர்த்து, பெண்ணாய் இருப்பதற்கு ஒரே வழிதான் உண்டென்பதில்லை என்பதை ஐந்து வயதுக் குழந்தைக்கும் விளங்கும்படி காட்டினார். ஐந்து வயதுக் குழந்தைக்கு என்பதை மறந்துவிடக் கூடாது. அத்தொடரில் ஆழம் உண்டென்றால், அது குழந்தை நின்று விளையாடக்கூடிய ஆற்றின் ஆழம். அந்த அளவோடு ஆற்றை ஓட விடுவதிலேதான் சாமர்த்தியம் இருக்கிறது.

என் நண்பரைப் போன்றவர்கள் அந்த அளவைச் சிறப்பாகக் கருதுவதில்லை. குழந்தைக்கு என்றால் தாழ்வு, பெரியவருக்கும் என்றால் உயர்வு என்ற தராசை முதலில் நிறுத்திவைத்துக்கொண்டு, பிறகு தாம் விரும்பிய பண்டத்தை இரண்டாவது தட்டுக்கு மாற்றுகிறார்கள். பரிகாசம் செய்தவர் கையிலிருந்ததும் இதே தராசுதான். தொடரைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு, அது யாருக்காகப் படைக்கப்பட்டதோ அவர்களை இழிவுபடுத்துவது இந்தச் சமாதானம். இவ்விடத்தில் குழந்தைக் கதைகள் எழுதிய ஆங்கில எழுத்தாளர் சி.எஸ்.லூயிஸைச் சாட்சிக்கு அழைப்பது இவர்களுடைய வழக்கம். குழந்தைகள் மட்டுமே ரசிக்கக்கூடிய குழந்தைக் கதை நல்ல கதையன்று என்று அவர் கருதியது உண்மையே. ஆனால் அவர் பேசியது பெரியவன் குழந்தையின் கதைக்குள் குனிந்து நுழைவதைப் பற்றி. பெரியவன் நிமிர்ந்து நிற்பதற்காகக் கூரையைப் பிரிக்கச் சொல்லவில்லை.

ஆழம் என்று இவர்கள் சொல்வது உண்மையில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். குழந்தை திரையின் நடுவைப் பார்க்கிறது: ட்வைலைட்டுக்கு என்ன ஆயிற்று, அவள் தோழியோடு சமாதானம் ஆனாளா என்பதே அதன் கவலை. அந்த நடுவைப் பெரியவர் ஒரே பார்வையில் தீர்த்துவிடுகிறார். அது அவருக்குப் போதாது. ஆகவே கணக்குப் புத்தகத்தின் ஓரக் குறிப்பைத் தணிக்கை செய்வதுபோல் திரையின் மூலைகளை ஆராயத் தொடங்குகிறார். கதையிலேயே பெரியவருக்கு வேண்டிய ஆழம் இருந்திருந்தால் அவருக்கு மூலையில் என்ன வேலை?

இந்த மூலை ஆராய்ச்சியின் மகா கண்டுபிடிப்பு ஒரு சாம்பல் நிறப் பறக்கும் குதிரை. முதல் அத்தியாயத்தின் கூட்டக் காட்சி ஒன்றில், சித்திரக்காரரின் கைப்பிசகோ விளையாட்டோ, அதன் இரு கண்களும் இரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றன. அதற்கு டெர்பி என்று பெயரிட்டு, குணமும் சரித்திரமும் கற்பித்து, ஒரு சிறு தெய்வமாகவே ரசிகர்கள் ஆக்கிவிட்டார்கள். அது வரைக்கும் தீங்கில்லாத வேடிக்கைதான். ஆனால் படைத்தவர்கள் அந்தக் கூச்சலுக்குச் செவி சாய்த்தார்கள். 2012 ஜனவரியில் வந்த ஓர் அத்தியாயத்தில் அக்குதிரை அதே பெயரால் அழைக்கப்பட்டு, வாய் திறந்து பேசியது. ஊனமுற்ற குழந்தைகளை ஏளனம் செய்வதுபோல் இருக்கிறதென்று பெற்றோர் சிலர் வருந்தவே, பின்னர் விற்பனைக்கு வந்த பிரதியில் பெயரை நீக்கிக் குரலையும் மாற்றினார்கள். உடனே கிளர்ந்தெழுந்தவர்கள் பெரியவர்களே. தங்கள் சொத்து பறிபோனதாக அவர்கள் கொதித்தார்கள். ஒரு குழந்தையின் மனம் நோகுமா நோகாதா என்ற விவாதத்தில், நாற்பது வயதுக்காரருடைய உரிமைக்கு என்ன இடம் என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை. எல்லா ரசிகரையும் ஒரே கயிற்றால் கட்டுகிறேன் என்று நண்பர் கோபித்துக்கொள்வார். கட்டியது கட்டியதாகவே இருக்கட்டும்.

நம் பிள்ளைத்தமிழிலே ஆண்பாலுக்குரிய பருவங்களில் சிற்றில் என்று ஒன்றுண்டு. தெருமணலில் சிறுமியர் கட்டிய சின்னஞ்சிறு வீட்டைக் காலால் அழிக்க வரும் பாட்டுடைத் தலைவனிடம், அழிக்காதே என்று அவர்கள் இரந்து நிற்பதாகப் புலவர் பாடுவார். பகையினால் அவன் வருவதில்லை. அந்த வீடு பிடித்திருப்பதனால்தான் வருகிறான். இதை நண்பரிடம் சொன்னபோது சிரித்துவிட்டு, நாங்கள் அழிக்கவில்லை, கூடச் சேர்ந்து கட்டுகிறோம் என்றார். அப்படிச் சேர்ந்து கட்டியதற்கு அத்தாட்சியாகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, 2015 ஜூனில் வெளிவந்த நூறாவது அத்தியாயத்தைக் கொண்டுவந்தார்.

‘ஸ்லைஸ் ஆஃப் லைஃப்’ என்ற அந்த அத்தியாயம் ரசிகர்களுக்கு ஒரு காணிக்கை. ஆறு நாயகிகளும் தொடக்கத்திலேயே ஒரு பூதத்தோடு போராடப் போய்விடுகிறார்கள். அழைப்பிதழில் தேதி தவறிப்போன ஒரு கழுதைக் கல்யாணத்தை நடத்தி வைக்கும் பொறுப்பு, அதுவரை மூலையில் நின்றவர்கள் தலையில் விழுகிறது. சாம்பல் குதிரை வருகிறது. கால யாத்திரை செய்யும் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நாயகன் ஒருவனை நினைவூட்டும் டாக்டர் வருகிறார். ஒரே வீட்டை நடுவில் பிரித்துக்கொண்டு செல்லோ வாசிப்பவளும் டிஸ்க் ஜாக்கியும் வாழ்கிறார்கள். வேகமும் சாதுரியமும் நிறைந்த அத்தியாயம் என்பதை மறுக்க முடியாது. ஒவ்வோர் உருவம் வரும்போதும் நண்பர் நாற்காலி நுனிக்கு நகர்ந்து, அதற்கு யார் எப்போது பெயர் வைத்தார்கள், எந்தக் காட்சியில் அது முதலில் தலைகாட்டியது என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு குழந்தை நிகழ்ச்சியைப் பார்ப்பதற்கு அடிக்குறிப்பு தேவைப்படுவதை அன்றுதான் நான் கண்டேன்.

எங்களோடு என் தம்பியின் பேத்தியும் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வயது, தொடரின் முதல் இரண்டு சீசன்களை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவள்.

“தாத்தா, ட்வைலைட் எங்கே?” என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் பூதத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள் என்றேன். சிறிது நேரம் பொறுத்தாள். ஜன்னலுக்கு வெளியே சண்டையின் ஒரு கீற்று தெரிந்து மறைந்தது.

“அப்போ அதைக் காட்டலாமே,” என்றாள்.

நண்பர் ரிமோட்டை எடுத்து, பேச்சில் தவறிப்போன ஒரு காட்சியை எனக்குக் காட்டுவதற்காகப் பின்னுக்கு ஓட்டினார். குழந்தை எழுந்து வாசற்பக்கம் போய்விட்டாள்.