பனியன் நகரில் பால்வாடி வேலை

தமிழ்நாட்டில் பள்ளிக்கு முந்தைய கல்வியும், பள்ளி விட்ட பிறகு மாலையில் நடக்கும் கற்பித்தலும் பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பெண்களின் உழைப்பில் ஓடுகின்றன. அங்கன்வாடிப் பணியாளரும் உதவியாளரும் உள்ளூரிலிருந்தோ பக்கத்து ஊரிலிருந்தோ தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர் அதே தெருவில் இருப்பவர். தெரிந்த பெண்ணிடம் குறுகிய காலப் பயிற்சியோடு குழந்தைகளை ஒப்படைப்பதே இந்த முறை. வீட்டுக்கு இருவர் மூவராகப் பனியன் கம்பெனிக்குப் போகும் திருப்பூரில் இதன் நன்மையும் குறையும் பளிச்சென்று தெரிகின்றன.

மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972இல் முன்பருவக் கல்வி பற்றி அளித்த அறிக்கையும், 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டமும் இந்த அமைப்புக்கு அடித்தளமிட்டன. இன்று மாநிலத்தில் 54,439 குழந்தைகள் மையங்கள் இருக்கின்றன. சத்துமாவு, முட்டை, எடை பார்த்தல், தடுப்பூசிக்கு அழைத்தல், ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டம் என எல்லாம் ஒரே கூரைக்குள் நடப்பதால், மக்கள் இன்னமும் பால்வாடி என்றே அழைக்கும் இந்த மையத்தை நம்பிப் பிள்ளையை விடுகிறார்கள். எந்த வீட்டுக் குழந்தை இரண்டு நாளாக வரவில்லை, எந்த வீட்டில் அப்பா ஊரில் இல்லை என்பதெல்லாம் அந்த டீச்சருக்குத் தெரியும். வெளியூரிலிருந்து மாற்றலாகி வரும் பட்டதாரிக்கு அது எளிதில் வாய்க்காது.

மாலை வகுப்புகளிலும் இதே நெருக்கம்தான் பலம். கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்ததன் இழப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. மாலை 5 மணி முதல் 7 மணிக்குள் ஒன்றரை மணி நேர வகுப்பு. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. தமிழ்நாட்டுக் கிராமக் குழந்தைகளைத் தொடர்ந்து அளந்த ஆய்வு ஒன்றில் கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் மௌரிசியோ ரொமேரோவும் பள்ளி திறந்தபின் ஏற்பட்ட மீட்சியில் சுமார் 24 விழுக்காட்டை இத்திட்டத்தின் கணக்கில் சேர்த்தார்கள். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தந்த கல்வித் திட்டங்கள் அரிது. திருப்பூரைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. காலை எட்டரைக்குத் தொடங்கும் ஷிப்டு, ஆர்டர் அனுப்பும் நெருக்கடியில் ஒன்றரை ஷிப்டாக நீண்டு இரவு எட்டரை, ஒன்பது மணிக்கு முடியும். பள்ளி விட்டு வந்த பிள்ளை பூட்டிய லைன் வீட்டின் வாசலில் உட்கார்ந்திருக்கும் நேரம் அது. அந்த நேரத்தின் ஒரு பகுதிக்காவது பொறுப்பேற்றது இந்தத் திட்டம்தான்.

அங்கன்வாடியோ பிற்பகலோடு பூட்டப்படுகிறது. தாயின் வேலைநேரத்தோடு குழந்தைப் பராமரிப்பைச் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று மீனா சுவாமிநாதன் தொடர்ந்து எழுதிவந்தார். பனியன் தொழிலாளிக்கு அது இன்றும் எட்டவில்லை. மூன்று வயதுக் குழந்தையை மதியத்துக்கு மேல் பார்த்துக்கொள்ளப் பாட்டியோ பக்கத்து வீட்டாரோ வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களுக்கு இருவருமே கிடையாது. உள்ளூர்ப் பெண் என்ற தகுதி தமிழ்க் குடும்பத்துக்குத் தரும் நெருக்கத்தை, தமிழ் தெரியாத வீட்டுக் குழந்தைக்குத் தருவதில்லை.

நேரத்தையாவது ஓர் அரசாணையால் மாற்றிவிடலாம். வேலையின் மதிப்பை அப்படி மாற்ற முடியாது. உதவியாளர் முதல் ஓராண்டு தொகுப்பூதியமாக மாதம் 4,100 ரூபாயும், பணியாளர் 7,700 ரூபாயும் பெற்று, பிறகே சிறப்புக் காலமுறை ஊதியத்துக்குள் வருகிறார்கள். மாதம் 25 நாள் வேலை என்று வைத்தால் உதவியாளருக்கு நாளொன்றுக்கு 164 ரூபாய். பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டும் ஹெல்பருக்கு ஒரு ஷிப்டுக்குக் கிடைப்பது இதைவிடக் கூடுதல். தன்னார்வலரின் ஆயிரம் ரூபாயை இந்தக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே மரியாதை. ஆனாலும் ஓய்வுக்காலப் பலனும், வீட்டுப் பக்கத்திலேயே வேலை என்பதும், ‘டீச்சர்’ என்ற பெயரும் பெண்களை அங்கன்வாடிக்கு இழுக்கின்றன. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. செய்வது சேவையல்ல, வேலைதான் என்பதை அந்தத் தீர்ப்பு ஒருவாறு ஒப்புக்கொண்டது.

சம்பளத்தைவிடப் பெரிய குறை பதவி உயர்வில் இருக்கிறது. கம்பெனியில் டைலருக்கு உதவும் கைமடியாகச் சேரும் பெண் ஓவர்லாக் பழகி டைலராகலாம், செக்கிங்குக்குப் போகலாம். பெண்களுக்கு அந்த ஏணியும் பாதியிலேயே நின்றுவிடுவது வேறு கதை. அங்கன்வாடியில் சுமார் 25 மையங்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் என்பது கணக்கு. அதாவது பெரும்பாலானோர் சேர்ந்த பதவியிலேயே ஓய்வுபெற வேண்டும். மேலே போகிறவரும் கற்பித்தலில் வழிகாட்டியாக இருப்பது குறைவு. பதிவேட்டையும் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றிய விவரத்தையும் சரிபார்ப்பதிலேயே அவர் நேரம் போகிறது. காலியிடம் சேர்ந்தால் ஒரே டீச்சருக்கு இரண்டு மையங்களின் கூடுதல் பொறுப்பு. 2025இல் அரசு 7,783 இடங்களை ஒரேயடியாக நிரப்ப முன்வந்ததே அந்தப் பற்றாக்குறை எவ்வளவு என்று சொல்லிவிடும்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது கீழான வேலை என்ற எண்ணம் கல்வித் துறைக்குள்ளேயே இருக்கிறது. 2019இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கி, இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பியபோது பலர் அதைப் பதவி இறக்கமாகவே கருதி எதிர்த்தார்கள். பிறகு அந்த வகுப்புகளுக்கு மாதம் 5,000 ரூபாயில் தற்காலிகச் சிறப்பாசிரியர்கள் வந்தார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியை வாங்கும் அந்தத் தொகையைவிட அங்கன்வாடிப் பணியாளரின் தொடக்க ஊதியம் கூடுதல் என்பது விசித்திரம்.

கம்பெனிக் குழந்தைகள் காப்பகத்தின் கதை இன்னும் மெலிந்தது. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் காப்பகம் வேண்டும், அதைக் குழந்தை பராமரிப்பில் பயிற்சி பெற்ற பெண் பொறுப்பேற்று நடத்த வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். 2017ஆம் ஆண்டின் மகப்பேறு பலன் சட்டத் திருத்தம் 50 ஊழியர் உள்ள நிறுவனங்களையும் சேர்த்தது. தையல், அயர்னிங், எம்பிராய்டரி என்று வேலை சின்னச் சின்ன ஜாப் ஒர்க் கூடங்களுக்குப் பிரிந்து போகும் ஊரில் இந்த எண்ணிக்கைகளுக்குள் வராத இடங்களே ஏராளம். வரும் இடத்திலும் ‘பயிற்சி பெற்ற பெண்’ எளிதில் ‘ஓர் ஆயா’வாகச் சுருங்கிவிடுகிறார்.

வேறு வழி இல்லாமல் இல்லை. 1969இல் மீரா மகாதேவன் டெல்லியில் கட்டடத் தொழிலாளர் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய மொபைல் கிரஷஸ், வேலைத்தளத்திலேயே காப்பகம் நடத்தி, சாதாரணக் குடும்பத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துக் காப்பகப் பணியாளர்களாக உருவாக்கியது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ், மற்றவர்களுக்கு ஓராண்டுப் பட்டயம் என்று பேசுகிறது. சான்றிதழ் வாங்கியபின் சம்பளமோ பதவியோ உயராவிட்டால் அது இன்னொரு பதிவேடாகிவிடும். ஊர்ப் பெண்ணை எடுத்து நியமிக்கும் முறை, ஒருவரை இந்த வேலைக்குள் கொண்டுவருவதற்கு நல்ல முறை. முப்பது ஆண்டு அவரை அங்கேயே நிறுத்தி வைப்பதற்கு மோசமான முறை. மாலை வகுப்பு எடுத்த தன்னார்வலரின் அனுபவத்தை அங்கன்வாடி நியமனத்தில் கணக்கில் எடுப்பதும், ஷிப்டு முடியும்வரை திறந்திருக்கும் மையங்களுக்குத் தனி ஊதியத்தோடு இரண்டாவது பணியாளரை அமர்த்துவதும் அரசு திருப்பூரிலிருந்தே தொடங்கக்கூடியவை. அதற்கான செலவில் பங்கேற்கப் பனியன் தொழிலதிபர்களும் முன்வர வேண்டும்.