'மீ' என்னும் முன்னொட்டு: பழம்பொருளும் புதுச்சுமையும்

அண்மைக் காலக் கலைச்சொல்லாக்கத்தில் பெரிதும் எடுத்தாளப்படும் முன்னொட்டுகளுள் 'மீ' ஒன்றாகும். மீக்கணினி, மீக்கடத்தி, மீயொலி, மீயுரை, மீத்தரவு, மீமொழி எனப் பட்டியல் நீண்டு செல்கிறது. ஓரெழுத்தொருமொழியாகிய இச்சொல்லின் சுருக்கமும் பழமையும் ஆக்குவோரைக் கவர்வதில் வியப்பில்லை. ஆயின் சூப்பர், ஹைப்பர், அல்ட்ரா, மெட்டா ஆகிய நான்கு அயல் முன்னொட்டுகளின் சுமையையும் இதன் மேலேயே ஏற்றுவது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

தொல்காப்பிய எழுத்ததிகாரத்து உயிர்மயங்கியல், 'மீ' என்பதை மருவி வழங்கும் இடம்வரை கிளவி, அஃதாவது ஓரிடத்தை வரைந்து சுட்டும் சொல், என்று காட்டுகிறது. மேல், மிசை என்பவற்றோடு இதற்குள்ள பொருளுறவு வெளிப்படை. தெலுங்கில் 'மேலே' எனப் பொருள்படும் 'மீத', பாலின் மேற்படியும் ஆடையைக் குறிக்கும் 'மீகட' ஆகியவையும் ஒப்புநோக்கத்தக்கன. இவ்விடப்பொருளிலிருந்து மிகுதிப்பொருள் கிளைத்தது. குறளில் வரும் 'மீக்கூறும்' என்பது உயர்த்துக் கூறுதலைக் குறிக்கும்; 'மீது' என்பதன் வழி வந்த ஆத்திசூடியின் 'மீதூண்' அளவிறந்த உணவைக் குறிக்கும். இக்கிளைப்பின் எல்லையைக் கணிதப் பாடநூல்களிற் காணலாம். 'மீப்பெரு பொது வகுத்தி' என்பதில் மேலிடப்பொருளின் சாயல் சிறிதேனும் உண்டு. 'மீச்சிறு பொது மடங்கு' என்பதிலோ அது அறவே மறைந்து, மிகுதி ஒன்றே எஞ்சுகிறது. சிறுமைக்கும் பெருமைக்கும் ஒருங்கே பொருந்திய இவ்வாட்சி, 'மீ' கொண்டு ஆக்கிய சொற்களுள் மிகச் செம்மையானது எனலாம்.

எனவே தமிழ் மரபு இச்சொல்லுக்குத் தந்துள்ள பொருள்கள் இரண்டு: மேலிடம், மிகுதி. இலத்தீன் சூப்பரும் கிரேக்க ஹைப்பரும் ஒரே வேரினின்று பிறந்து 'மேல்' என்னும் பொருளை அடியாக உடையவையாதலின், அவற்றுக்கு 'மீ' இயல்பாகவே பொருந்தும். மீக்கணினியும் மீக்கடத்தியும் குறைகூறத்தக்கன அல்ல.

இடர்ப்பாடு அல்ட்ராவில் தொடங்குகிறது. இது 'அப்பால்' என்னும் பொருளது. ஊதாவுக்கு அப்பாற்பட்ட கதிரைப் 'புறஊதா' என்று ஆக்கியோர் இந்நுட்பத்தை உணர்ந்திருந்தனர். ஒலியியலிலோ இவ்வுணர்வு தளர்ந்தது. 20,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட அதிர்வெண் கொண்டு, மனிதச் செவிக்கு எட்டாத ஒலி 'மீயொலி' எனப்பட்டது. ஒலியின் வேகத்தை விஞ்சும் விமானத்தையும் 'மீயொலி விமானம்' என எழுதினால், முன்னதில் அதிர்வெண்ணையும் பின்னதில் வேகத்தையும் ஒரே சொல் சுட்ட வேண்டியதாகிறது. மேலும், ஒலியின் வேகத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேற்பட்டதைக் குறிக்கும் 'ஹைப்பர்சானிக்' என்னும் சொல் எதிர்ப்படும்போது, மொழிபெயர்ப்பாளரிடம் ஈடாகத் தருவதற்கு முன்னொட்டு எஞ்சியிராது. இந்தி இவ்விடரை எளிதாகக் கடந்துள்ளது. அங்கும் முன்னொட்டு ஒன்றே. அடிச்சொல் மட்டும் வேறு. செவிக்கு அப்பாற்பட்டது 'பராச்ரவ்ய'. ஒலிக்கு அப்பாற்பட்டது 'பராத்வனிக்'. தமிழிலும் மருத்துவ நூல்களில் இடம்பெறும் 'கேளா ஒலி' என்னும் தொடரை முதற்பொருளுக்கு நிலைநிறுத்தின், வேகப்பொருளுக்கு 'மீயொலி வேகம்' தடையின்றி நிற்கும். நோயாளியின் கைக்குச் செல்லும் ஆய்வறிக்கையிற்கூடக் 'கேளா ஒலி' விளக்கமின்றியே புலப்படும்.

மெட்டாவின் நிலை இன்னும் சிக்கலானது. கிரேக்கத்தில் இதற்கு 'உடன்', 'பின்' என்பன போன்ற பொருள்களே உண்டு. அரிஸ்டாட்டிலின் இயற்பியலுக்குப் பின் வைக்கப்பட்ட நூல்களின் பெயரிலிருந்தே இது மேனிலைப் பொருள் பெற்றதென்பது மரபுச் செய்தி. 'மொழியைப் பற்றிய மொழி' என்னும் தற்சுட்டுக் கருத்து 'மீமொழி'யில் இல்லை. உயர்ந்த மொழி என்றோ மிகை மொழி என்றோ கொள்ளவே அது இடந்தரும். வழக்கு நாளடைவில் பொருளை ஏற்றிவிடும் என்று மறுக்கலாம். வெற்றிடமாக உள்ள சொல்லுக்கு அது பொருந்தும், 'மீ' வெற்றிடமன்று. அன்றியும் 'திரும்ப' என்னும் பொருளில் வரும் 'மீள்' இதற்கு மிக அருகில் நிற்கிறது. விதிப்படி ஆக்கப்படும் 'மீயாய்வு', முன்னரே வழங்கும் 'மீளாய்வு' ஆகிய இரண்டுக்கும் இடையே ஒரு மெய்யே வேறுபாடு. அச்சுப்பிழை ஒன்று முழுக் கட்டுரையின் பொருளையே மாற்றிவிடும். 'மொழிபற்று மொழி', 'தரவுக்குறிப்பு' போன்ற விளக்கத் தொடர்கள் நீளமாயினும் பிழைபட உணர்த்தா.

புணர்ச்சியும் கருதத்தக்கது. 'மீ' முன் வல்லெழுத்து இயல்பாகவும், வலி மிக்கும், மெலி மிக்கும் வரும் என்பது நன்னூல் நெறி: மீகண், மீக்கூற்று, மீந்தோல். ஆதலின் 'மீதரவு', 'மீத்தரவு' இரண்டுமே வழுவல்ல. ஆயினும் கணினித் தேடலில் ஒன்றை இட்டால் மற்றொன்று அகப்படுவதில்லை. இன்றைய ஆக்கங்களுட் பல வலிமிக்கே வழங்குதலின், சொற்றொகுதி வெளியிடும் நிறுவனங்கள் அவ்வடிவையே முதற்பதிவாகக் கொண்டு, இயல்பு வடிவை மாட்டேற்றாகத் தருதல் தகும்.