பிடிகாரர் பக்கம்

நாவல் எழுதுகிறவனுக்குச் சடுகுடுவில் என்ன வேலை என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு விவாதம் செய்ய எனக்குத் தெம்பில்லை. கதை எழுதுகிறவன் அவசியம் பார்க்க வேண்டிய ஆட்டம் ஒன்று உண்டென்றால் அது சடுகுடுதான் என்பது என் கட்சி. ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்நியர் வீட்டுக்குள் நுழைகிறான். உள்ளே இருக்கிற ஏழு பேரும் கூடி அவனைத் திரும்பிப் போக விடாமல் செய்யப் பார்க்கிறார்கள். இதைவிட என்ன கதை வேண்டும்? ஆனால் ஜனங்களின் கண் எப்போதும் நுழைகிறவன் மேலேதான். நிற்கிற ஏழு பேரைப் பற்றிப் பேசுவாரில்லை. அவர்களைப் பற்றித்தான் இங்கே எழுத உத்தேசம்.

நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு ஆட்டம். 2022 அக்டோபர் 8-ஆம் தேதி இரவு பெங்களூர் கண்டீரவா உள்ளரங்கில் நடந்தது. புரோ கபடி லீக்கின் ஒன்பதாவது பருவம். தமிழ் தலைவாஸ் கோஷ்டிக்கு அந்த வருஷத்து முதல் ஆட்டம். எதிரே குஜராத் ஜெயன்ட்ஸ். முடிவு 31-க்கு 31, சமன். அந்த ஆட்டம் எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது ஒரே காரணத்துக்காக. அந்த வருஷ ஏலத்தில் 2 கோடியே 26 லட்சம் ரூபாய் கொடுத்து எடுக்கப்பட்ட பவன் செஹ்ராவத், அதுவரை லீக்கில் யாருக்கும் கிடைக்காத விலை பெற்றவர், முதல் பாதி முடிவதற்குள்ளாகவே முழங்காலில் அடிபட்டுத் தூக்கிச் செல்லப்பட்டார். அந்தப் பருவம் முழுவதும் அவர் திரும்பவில்லை. மறுநாள் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான்.

நான் அந்த ஆட்டத்தைப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். தறிக்காரப் பெரியவர் எனக்கு நெடுநாள் சிநேகிதர். எழுபதை நெருங்கியவர். இளமையில் பாலாற்று மணலில் சடுகுடு ஆடியவர். குழித்தறிக்குப் பக்கத்திலேயே டெலிவிஷன் பெட்டி. பாவின் மேல் துணியைப் போர்த்திவிட்டு எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். பவனைத் தூக்கிக்கொண்டு போனதும் அறையில் இருந்த பையன்கள் "அவ்வளவுதான், போச்சு" என்று எழுந்துவிட்டார்கள். பெரியவர் எழுந்திருக்கவில்லை.

"உக்காருங்கடா. வெலை குடுத்து வாங்கின மாடு மொத உழவுலேயே படுத்துக்கிச்சு. மிச்சப் பேரு எப்படி நிக்கறாங்கன்னு இனிமேத்தான் பாக்கணும்" என்றார். பிறகு என்னிடம், "தம்பி, அவரு ஏன் அடிபட்டாரு பாத்தீங்களா? பாடப் போன எடத்துல படல. புடிக்கப் போன எடத்துல" என்றார்.

எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. பாடிப் போவதில் நாட்டிலேயே முதல்வரிசையில் இருந்த மனிதர், எதிராளி பாடி வந்தபோது அவரைத் தடுக்கப் பாய்ந்தார், அதில் விழுந்தார். இதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை. ஆட்டத்தின் விதியே அப்படி. பாடுவதற்கென்று எடுத்தவரும் எதிராளியின் முறை வரும்போது பிடிகாரர்தான். ஆனால் ஏலம் போடுகிறவர்களுக்கு அது ஞாபகம் இருப்பதில்லை. அதே வருஷ ஏலத்தில் பிடிகாரர்களில் அதிக விலை போனவர் ஈரான் தேசத்து ஃபசல் அத்ராசாலி. புனேரி பல்டன் அவருக்குக் கொடுத்தது 1 கோடியே 38 லட்சம். பிடியில் உலகத்திலேயே பேர்பெற்றவருக்கு அவ்வளவு. பாடுகிறவருக்கு அதற்கும் மேலே ஏறக்குறைய இன்னும் 90 லட்சம்! சந்தை அப்படி மதிப்புப் போடுகிறது. அந்த மதிப்பு சரிதானா என்று கேட்கத்தான் எனக்கு இந்த ஆட்டம் வேண்டியிருக்கிறது.

ஆட்டம் தெரியாத வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. பாடி வருகிறவருக்கு 30 வினாடி. அதற்குள் யாரையாவது தொட்டுவிட்டு மூச்சு விடாமல் கோட்டைக் கடந்து திரும்பினால் அவருக்குப் புள்ளி. பிடித்து நிறுத்திவிட்டால் நிற்கிறவர்களுக்குப் புள்ளி. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சியிருக்கும்போது பிடித்தால் இரண்டு புள்ளி. இவை எல்லாம் பலகையில் ஏறுகிற கணக்கு. பலகையில் ஏறாத கணக்கு ஒன்று இருக்கிறது. ஒருவர் பாடி வருகிறார், இடம் தேடுகிறார், மூலையைப் பார்க்கிறார், நடுவைப் பார்க்கிறார், ஒன்றும் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பிப் போகிறார். யாருக்கும் புள்ளி இல்லை. கூட்டத்தில் ஒருவரும் கை தட்டுவதில்லை. இப்படி இரண்டு முறை வெறுங்கையோடு போய்விட்டால், மூன்றாவது முறை ஏதாவது எடுத்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டக்காரர் வெளியே. அந்த நெருக்கடியில்தான் மனிதன் தப்புச் செய்கிறான், பிடிபடுகிறான். பிடித்தவருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. அதற்கு முன்னால் இரண்டு தடவை எதிராளியைச் சும்மா அனுப்பி வைத்தவர்களுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

இதை நான் புஸ்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சிறுவயதில் வேகவதி மணலில் எங்கள் தெருக் கட்சிக்கு நான் மூலைக்காரன். கையும் காலும் நீளம் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. ஒரு நாள் சாயங்காலம், மூன்று பேர் மிஞ்சிய நேரத்தில், பாடி வந்தவன் கால் எனக்கு முழமளவில் தெரிந்தது. பக்கத்தில் கை கோத்திருந்தவனை உதறிவிட்டுப் பாய்ந்தேன். கணுக்கால் கையில் கிடைத்தது. ஆனால் நான் ஒருவன்தானே! அவன் என்னையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டிவிட்டான். கை உதறப்பட்டவன் நிலைதப்பி விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டான். "புடிச்சது நீதான், விட்டதும் நீதான்" என்று அவன் சொன்னதை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. அவனுக்கு அந்தக் கை முழுவதும் நீளவே இல்லை.

பெங்களூர் ஆட்டத்துக்கு வருகிறேன். பவன் போன பிறகு கோஷ்டி கலைந்து போயிருக்கலாம். கலைந்து போவதற்கு எல்லா நியாயமும் இருந்தது. அப்படி நடக்கவில்லை. பாடுகிற பக்கத்தை நரேந்தர் என்ற இளைஞர் தூக்கி நிறுத்தினார். அவருக்கு அது முதல் ஆட்டம். அந்தப் பருவம் முடியும்போது 243 புள்ளி அவர் பேரில் இருந்தது. அவரைப் பற்றி எழுதியவர்கள் நிறைய. ஆனால் அந்த வருஷத்துக் கோஷ்டியின் முதுகெலும்பு என்று நான் கருதுவது வலது மூலையில் நின்ற சாகர் ராத்தியையும், அவரோடு நின்ற சாஹில் குலியா, அபிஷேக், மோஹித், ஹிமான்ஷு ஆகிய இளைஞர்களையும்தான். சாகர் அதற்கு முந்திய பருவத்திலேயே 82 பிடிப் புள்ளி எடுத்தவர். அடிபட்ட தலைவருக்குப் பதிலாகத் தலைமையும் அவர் தோளில் விழுந்தது.

இந்த ஊர்ப் பட்டில் கோர்வை என்று ஒன்று உண்டு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓடும். ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் துணைக்கு உட்கார்ந்திருப்பவர் போடுவார். ஒவ்வோர் ஊடையிலும் கரையின் இழையும் உடலின் இழையும் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொள்ள வேண்டும். துணையாள் ஒரு கணம் முந்தினாலும் பிந்தினாலும் அந்த இடத்தில் சேர்க்கை கோணிவிடும். கடையில் விளக்கு வெளிச்சத்தில் தெரியாது, கட்டிக்கொள்ளும்போது தெரியும். மூலைக்காரரும் அவருக்கு உள்ளே நிற்பவரும் அப்படித்தான். மூலை காலைப் பிடித்தால் உள்ளே நிற்பவர் அதே கணத்தில் இடுப்பில் விழ வேண்டும். பெரியவர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே நாடா போடுகிற பாவனையில் விரலை அசைத்துக்கொண்டிருந்தார். யார் முந்தினார்கள், யார் பிந்தினார்கள் என்பது அவருக்குக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னாலேயே தெரிந்தது போலிருந்தது.

புகழ்ந்துகொண்டே போவது விமர்சனமாகாது. அன்று இந்தப் பிடிகாரர்கள் 31 புள்ளி கொடுத்தார்கள். அது சிக்கனமென்று சொல்ல முடியாது. என் அபிப்பிராயத்தில் அவர்களுடைய குறை ஒன்றே ஒன்று, அது வயதின் குறை: பொறுமையில்லை. கோட்டருகே கால் தெரிந்ததும் பாய்ந்துவிடுகிறார்கள். துணை வந்து சேருகிறதா என்று பார்ப்பதில்லை. பாய்ந்து பிடித்தால் அரங்கம் அதிர்கிறது. தவறினால் ஒன்றுக்கு இரண்டாகப் போகிறது. எதிராளியைச் சும்மா திருப்பி அனுப்புவதில் ஓர் அழகு இருக்கிறது என்பதை இருபது வயதில் யாருக்குச் சொல்லி விளங்க வைக்க முடியும்? எனக்கே விளங்கவில்லையே. தஞ்சைச் சீமையிலிருந்து வந்த தர்மராஜ் சேரலாதனைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லுவது புரியும். 2016-இல் பாட்னா கோஷ்டிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வாங்கிக் கொடுத்த பிடிகாரர் அவர். நாற்பது வயதிலும் களத்தில் நின்றார். அவர் பாய்ந்ததைவிடப் பாயாமல் நின்றதுதான் எனக்கு அதிகம் ஞாபகம் இருக்கிறது.

ஆனாலும் குறையைச் சொன்ன கையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் ஆட்டத்தின் முடிவை வைத்து ஒரு கோஷ்டியை எடை போடுகிறவர்கள் தமிழ் தலைவாஸ் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். 2017-இல் முதன்முதல் களம் இறங்கியபோது தெலுகு டைட்டன்ஸிடம் 27-க்கு 32 என்று தோற்றார்கள். 2018-இல் சென்னையில் பாட்னாவை 42-க்கு 26 என்று விளாசினார்கள், ஊரே கொண்டாடியது. அந்தப் பருவத்தில் தங்கள் பிரிவில் கடைசி. 2019-இல் தெலுகு டைட்டன்ஸை 39-க்கு 26 என்று ஜெயித்துத் தொடங்கினார்கள். பன்னிரண்டு கோஷ்டிகளில் கடைசி. 2021 டிசம்பரில் அதே டைட்டன்ஸோடு 40-க்கு 40, சமன். அதற்கு அடுத்ததுதான் நான் சொல்லும் 31-க்கு 31. இரண்டும் சமன்தான், முன்னது 40 கொடுத்துவிட்டு வந்த சமன், பின்னது தலைவரை இழந்த நிலையில் 31 மட்டும் கொடுத்துவிட்டு வந்த சமன். எதிரிகள் வேறு, களம் வேறு, இப்படி ஒப்பிடுவது முறையில்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கு அந்த ஒன்பது புள்ளியின் மேல் ஒரு கண்.

அடுத்த ஆட்டத்திலேயே ஹரியானாவிடம் 22-க்கு 27 என்று தோற்றார்கள். பையன்கள் திட்டினார்கள். 27 மட்டும் கொடுத்த பிடிகாரர்களைத் திட்ட என்ன இருக்கிறது? எடுத்த 22-ஐயல்லவா திட்ட வேண்டும்! இதைச் சொன்னால் "சார் எப்பவும் பிடிகாரர் பக்கம்" என்கிறார்கள். ஆமாம், ஒப்புக்கொண்டேன்.

இவர்களில் தமிழர் எத்தனை பேர் என்று ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. பெரும்பாலோர் ஹரியானா முதலான வடநாட்டுப் பகுதிகளிலிருந்து வந்த பிள்ளைகள். அன்று எதிரணிக்குத் தலைமை தாங்கிப் பாடி வந்த சந்திரன் ரஞ்சித்தோ தமிழ்நாட்டுக்காரர்! தமிழ் என்று பெயர் வைத்த கோஷ்டிக்கு வடநாட்டார் காவல். உள்ளே நுழைந்தவர் நம்மூர்க்காரர். கபடி என்ற பெயரே 'கை பிடி' என்ற தமிழிலிருந்து வந்தது என்று மேடையில் முழங்குகிறார்கள். அந்தச் சொல்லாராய்ச்சியில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற காரியத்தை யார் செய்தாலும் அவரை நம்மவர் என்று சொல்ல எனக்குத் தடையில்லை. வரதராஜர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தின் மூலையில் ஒரே கல்லில் குடைந்த சங்கிலி தொங்குகிறதே, அதைச் செதுக்கினவனுடைய ஊரை யார் விசாரித்தார்கள்?

அந்தப் பருவத்தில் கோஷ்டி முதன்முதலாகப் பின்சுற்றுக்குப் போயிற்று. டிசம்பர் 13-ஆம் தேதி யூ.பி. யோத்தாஸோடு 36-க்கு 36. அதற்கு மேல் நடந்த முறிவாட்டத்தில் 6-க்கு 4 என்று ஜெயித்தார்கள். இரண்டு நாள் கழித்து அரையிறுதி. எதிரே புனேரி பல்டன். பிள்ளையார்பாளையத்தில் அன்று உட்கார இடமில்லை. அக்டோபரில் எழுந்து போன பையன்கள் எல்லோரும் முன்வரிசையில் இருந்தார்கள். 37-க்கு 39 என்று முடிந்தது.

அறையில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பெரியவர்தான் கேட்டார்.

"அந்த வலது மூலைப் புள்ளாண்டான் இன்னிக்கு எறங்கலியா?"

"இல்லீங்க, சாகருக்கு அடி. கொஞ்ச நாளாவே ஆடல."

"ரெண்டு பாயிண்டா?"

"ரெண்டுதான்."

அவர் தறியின் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்து உதறி மடித்தார். "காலையில புதுப் பாவு பிணைக்க ஆள் வருது தம்பி. வெளக்க அணைக்கட்டுமா?" என்றார்.