ஆற்றில் நிற்கும் தாய்

ஹான்ஸ் கிறிஸ்தியான் அன்டர்சனின் ‘ஒரு தாயின் கதை’ (1847) தமிழருக்கு அந்நியமானதல்ல. சாவு கொண்டுபோன பிள்ளையைத் தேடிப் போகிறாள் தாய். வழி கேட்டு முட்செடியை மார்போடு அணைக்கிறாள். ஏரிக்குக் கண்களைக் கொடுக்கிறாள். இவளை நாம் அறிவோம். எமது புலம்பெயர் கவிதைகளில் அழுதுகொண்டிருப்பவளும் இவள்தான்.

நாம் பேச விரும்புவது 1852இல் வெளியான அவரது இன்னொரு கதையை. தலைப்பே ‘அவள் ஒன்றுக்கும் உதவாதவள்’. சலவைக்காரி ஒருத்தி குளிர்ந்த ஆற்றில் நின்று ஊரார் துணி துவைக்கிறாள். குளிர் தாங்கக் குடிக்கிறாள். போத்தலைக் கொண்டுவருபவன் அவளது சிறுமகன். நகர மேயர் அவனிடமே அவளை உதவாதவள் என்கிறார். அவள் செத்தபின் பையன் கேட்கிறான், அது உண்மைதானா என்று. இல்லை என்று சொல்ல ஓர் ஏழைச் சினேகிதி மட்டுமே இருக்கிறாள். (இடையில் வரும் பழைய காதலும் சொத்துக் கடிதமும் சினிமாத்தனம், அவை இல்லாமலே கதை நிற்கும்.)

ஓடென்ஸ நகரில் அன்டர்சனின் தாயும் சலவைக்காரிதான். அவரும் குடித்தார். 1833இல் ஏழைகள் விடுதியில் இறந்தபோது மகன் இத்தாலியில். தாயின் சாவுக்குப் போகமுடியாத எம்மில் பலருக்கு இச்செய்தி சுடும். ஆனாலும் அவர் தாயின் கண்ணீரோடு நிற்காமல், அவளது வேலையையும் ஊர் அவளுக்கு வைத்த பெயரையும் எழுதினார்.

நாம்? ஊரில் விட்டுவந்த அம்மாவைத் தெய்வமாக்கினோம். இங்கே விடியப்புறம் கந்தோர் துடைத்துவிட்டு, பிள்ளைகளை எழுப்ப ஓடிவரும் அம்மாவை எத்தனை கதைகளில் கண்டோம்? டெனிஷ் கடிதத்தை அவள் வாசிக்கச் சொல்லி நீட்டும்போது, சினேகிதிகள் முன்னால் மகள் கூசிப்போகும் அந்தக் கணத்தை?