தலமும் உள்ளமும்: சுந்தரரின் ஆரூர்ப் பதிகம் பற்றிய ஒரு நோக்கு

தேவார முதலிகள் மூவரும் பாடிய பதிகங்களுட் பெரும்பாலானவை தலப் பதிகங்களாகும். இறைவன் எங்கும் நிறைந்தவன் என்பதும் அவர்களது துணிபே. அங்ஙனமாயின், ஒரு குறித்த ஊரை நினைந்து உருகுவதற்கும் அதனைப் பிரிந்து வருந்துவதற்கும் காரணம் யாது? பேராசிரியர் க. கைலாசபதி 'நாடும் நாயன்மாரும்' என்னும் கட்டுரையிற் பக்தி இயக்கத்தின் சமூக அடிப்படைகளை ஆராய்ந்தார். அத்தகைய ஆய்வுகளின் பயனை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும், ஓர் இயக்கம் தலங்களை ஏன் போற்றியது என்பதற்கான விடை, ஒரு தனிமனிதன் ஒரு தலத்தை ஏன் பிரியமாட்டாதவனானான் என்பதற்கும் விடையாகிவிடாது. இவ்விரண்டாவது வினாவையே இங்கு நோக்குவோம்.

சுந்தரர் பிறந்த ஊர் திருநாவலூர். அவர் உள்ளம் பற்றி நின்ற ஊரோ திருவாரூர். பரவையாரை மணந்து வாழ்ந்ததும் அங்கேயே. பின்னர்த் திருவொற்றியூரிற் சங்கிலியாரைக் கண்டு, பிரியேன் என மகிழமரத்தடியிற் சூளுரைத்து மணந்தார். வசந்த காலம் வர, ஆரூர் விழாவின் நினைவு அவரை வாட்டியது. சூளுறவை மீறி ஒற்றியூரெல்லையைக் கடந்ததும் கண்பார்வை மறைந்தது. 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் இதனை ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தில் விரித்துரைக்கிறார்.

ஒற்றியூரில் இருந்தவாறு ஆரூரை நினைந்து அவர் பாடிய பதிகம் ஏழாந் திருமுறையில் உள்ளது. ஆரூர் இறைவனைப் பிரிந்து எங்ஙனம் இருப்பேன் என்னும் ஏக்கமே அதன் அச்சு. ஒற்றியூரிலும் அதே சிவன் கோயில் கொண்டுள்ளான். எனவே கொள்கையளவில் அங்குப் பிரிவுக்கே இடமில்லை. எனினும் பாடுவோர் பிரிந்தவராகவே பேசுகிறார். ஆரூரைத் தமக்குரியதெனச் சுட்டும் உரிமைச் சொல் திரும்பத் திரும்ப வருவதும் நோக்கற்பாலது. இன்னுமொன்று: சங்கிலியோடு தம்மைச் சேர்த்து வைத்தவன் என அவர் நன்றியுடன் குறிப்பதும் ஆரூர் இறைவனையே. ஒற்றியூரிற் பெற்ற பேற்றையும் ஆரூரின் கொடையாகவே அவர் உள்ளம் கணக்கிடுகிறது. வாழ்வின் நன்மைகள் யாவற்றையும் ஓரிடத்தின் பேரில் எழுதிவைக்கும் இவ்வியல்பே தலப்பற்றின் உளவியற் கரு என்பது எமது கருத்து.

1969ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தமது நூல்களில் ஜோன் பௌல்பி, குழந்தைக்கும் தாய்க்குமிடையிலான பிணைப்பை ஆராய்ந்தார். அப்பிணைப்பு பிரிவின்போதே வெளிப்படையாகப் புலனாகின்றது என்பதும், பிணைப்புக்குரியவரின் இடத்தைப் பிறரொருவர் எளிதில் நிரப்பவியலாது என்பதும் அவ்வாய்வினின்றும் பெறப்படுவன. சுந்தரர் பதிகத்துக்கு இவ்விரண்டும் பொருந்துகின்றன. எனினும் எல்லா அடியாருக்கும் இவ்விளக்கத்தைப் பொதுவாக்குதல் பிழையாகும். இறைவன் எங்குமுளன் என்று உணராதார் தீர்த்தங்களில் மூழ்கியும் பயனில்லை என்று பாடியவர் அப்பர். கயிலை காண விழைந்து சென்ற அவர் திருவையாற்றிலேயே கயிலைக் காட்சி கண்டு அமைதியுற்றார் என்பது பெரியபுராணம். அப்பருக்கு ஒரு தலம் மற்றொன்றாக இயன்றது. சுந்தரருக்கு ஆரூர் வேறெதனாலும் ஈடுசெய்யப்படவில்லை.

சேக்கிழாரின் திறன் இவ்விடத்திற் புலப்படுகிறது. தலப்பற்று உயர்ந்தது என்பதற்காகச் சங்கிலியாருக்கு இழைத்த தவற்றை அவர் மறைக்கவில்லை, தண்டனையைச் சொல்கிறார். அத்தண்டனை நீங்குவதும் படிப்படியாகவே: திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் இடக்கண், ஆரூரில் வலக்கண். வழியிலுள்ள தலங்கள்தோறும் அருள் உண்டு. முழுப்பார்வை ஆரூரில் மட்டுமே. பற்றின் வன்மையும் அதன் விலையும் ஒரே கதையில் ஒருங்கே நிற்கின்றன. இதனை வெறும் அற்புதக் கதையெனத் தள்ளுவோரும், குற்றத்தைப் பேசாது அருளை மட்டும் போற்றுவோரும் காப்பியத்தின் பாதியையே படித்தவராவர்.

ஈழத்துத் தலங்களின் நிலை சற்றே வேறானது. திருக்கோணமலையைச் சம்பந்தரும், திருக்கேதீச்சரத்தைச் சம்பந்தர், சுந்தரர் ஆகிய இருவரும் இராமேசுவரத்திலிருந்தவாறே பாடினர் என்பது மரபு. வாழ்ந்து பிரிந்த ஏக்கம் இப்பதிகங்களில் இல்லை. ஆயினும் கடலலை முழங்கும் கோணமலையும் பாலாவிக் கரையும் அவற்றில் தெளிவாக அமைந்துள்ளன. போர்த்துக்கீசர் காலத்தில் இக்கோயில்கள் அழிந்தபின், கட்டடம் இல்லாதபோதும் இடத்தின் பெயரையும் நினைவையும் காத்தவற்றுட் பதிகங்களும் அடங்கும். 1872இல் ஆறுமுக நாவலர் கேதீச்சரத்தை மீட்டெடுக்குமாறு சைவமக்களை வேண்டினார். 1976இல் அங்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. 1990இல் மீண்டும் மூண்ட போர் மக்களை அச்சூழலினின்றும் அகற்றியது. 2022இல் மறுபடியும் குடமுழுக்குக் கண்டது. பாடியோர் நேரிற் காணாத ஊர், பாட்டைக் கேட்டோருக்குப் பிரியவியலாத ஊராயிற்று.

எனவே தலப்பற்றைச் சமூக நிறுவனத்தின் விளைவாக மட்டுமோ, தத்துவ முரணாக மட்டுமோ கொள்ளுதல் நிறைவுடையதாகாது. இடம்பெயர்ந்தோர் தம் ஊர்க்கோயிலை நினைந்து கலங்கும்போது, வேறு கோயில் அருகிலுண்டே என்று சொல்லும் ஆறுதல் பயன்படாமைக்குக் காரணமும் இதுவே. அத்துயரின் இயல்பை ஆரூர்ப் பதிகம் நமக்கு உணர்த்துகிறது. அப்பற்றின் பேரால் மற்றொருவருக்குரிய கடப்பாட்டை மீறலாகாது என்பதைச் சங்கிலியார் கதை உணர்த்துகிறது. இரண்டையும் சேர்த்துக் கற்றலே முறையாகும்.