விருத்தாசலம்: கேப்டனின் முதல் இன்னிங்ஸ்

ஸ்கோர்போர்டைக் கேட்டால் ‘கேப்டன்’ விஜயகாந்தின் சிறந்த ஆட்டம் 2011 என்று சொல்லும். 41 தொகுதிகளில் இறங்கி 29-இல் வெற்றி. 23 இடங்களோடு நின்ற தி.மு.க.வை முந்திக்கொண்டு எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலி. ஆனால் என் ஓட்டு 2006-க்குத்தான். அன்று அவர் ஜெயித்தது ஒரே ஒரு இடம், விருத்தாசலம்.

கட்சி பிறந்தது 2005 செப்டம்பரில், மதுரையில். எட்டே மாதத்தில் தேர்தல். கூட்டணி கிடையாது, தே.மு.தி.க. தனித்தே நின்றது. மதுரைக்காரர் மதுரையில் நிற்பார் என்று பார்த்தால், பா.ம.க.வின் கோட்டைக்குள் போய் நின்றார். தன் ‘கஜேந்திரா’ படம் வந்தபோதே பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் தரப்போடு முட்டிக்கொண்டவர் அவர். எதிராளியின் சொந்த மைதானத்தில் ஆடுவதென்று வேண்டுமென்றே எடுத்த முடிவு அது. எதிரே பா.ம.க.வின் அப்போதைய எம்.எல்.ஏ. கோவிந்தசாமி, பின்னால் தி.மு.க. கூட்டணி பலம். முடிவு: விஜயகாந்த் 61,337, கோவிந்தசாமி 47,560.

ஊரும் லேசில் மயங்குகிற ஊர் இல்லை. பக்கத்தில் நெய்வேலிச் சுரங்கம். இங்கே செராமிக் பட்டறைகள். களிமண்ணைக் கூழாய்க் கரைத்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் கெட்டிப்படும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டுப் பொம்மையைப் பிரித்து, காயவைத்துச் சூளையில் அடுக்குவார்கள். வெந்து வெளியே வரும்வரை எது தேறும், எது வெடிக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். அப்படி வெந்து வந்ததைப் பார்த்தே நம்பும் இந்த ஊர்க்காரர்கள் சினிமா முகத்துக்காக மட்டும் ஓட்டுப் போட்டார்கள் என்று நான் நம்பவில்லை. இரண்டு பெரிய கட்சிகள் மீதும் சலிப்பு இருந்தது.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடிபடாத ஆட்டம். 2010-இல் ‘விருதகிரி’ என்று ஊரின் பழைய பெயரிலேயே ஒரு படத்தை அவரே இயக்கி நடித்தார். மறு வருடம் தேர்தல் வந்ததும் ரிஷிவந்தியத்துக்கு மாறிவிட்டார்! ஜெயித்தார், சரி. விருத்தாசலத்தையும் கட்சி தக்கவைத்தது. ஆனால் 2016-இல் மறுபடி இடம் மாறி உளுந்தூர்ப்பேட்டையில் நின்றார். மூன்றாமிடம், டெபாசிட்டும் போச்சு. அடுத்தடுத்து இருக்கும் மூன்று தொகுதிகளில் எதிலும் அவர் இரண்டாவது முறை நிற்கவில்லை.

சட்டசபையில் 2012-இல் ஆளுங்கட்சியான அ.தி.மு.க.வினரிடம் அவர் காட்டிய கோபத்தைத்தான் எல்லோரும் சரிவுக்குக் காரணம் சொல்கிறார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. வாக்கு சதவீதத்தைப் பாருங்கள். 2006-இல் தனியாக 8.38. 2009 மக்களவைத் தேர்தலில் தனியாகவே சுமார் 10. ஓர் இடம்கூட இல்லை. 2011-இல் ஜெயலலிதாவின் அ.தி.மு.க.வோடு கூட்டணி வைத்து 29 எம்.எல்.ஏ.க்கள் வந்தபோது 7.88. குறைந்த இடங்களில் நின்றதால் சதவீதம் இறங்கியது இயல்புதான். ஆனால் அந்த 29-இல் ஜெயலலிதாவின் ஓட்டு எவ்வளவு, தே.மு.தி.க.வின் முரசுச் சின்னத்துக்கான ஓட்டு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்திருக்க வேண்டாமா? மக்கள் நலக் கூட்டணியின் முதல்வர் வேட்பாளராக 2016-இல் இறங்கியபோது கிடைத்தது 2.39.

2021-இல் அதே விருத்தாசலத்தில் அவர் மனைவி பிரேமலதா நின்றார். காங்கிரஸ் வேட்பாளர் பா.ம.க.வை வென்றது வெறும் 862 ஓட்டில். தே.மு.தி.க. வாங்கியது 25,908, மூன்றாமிடம், டெபாசிட் இல்லை.