ஓய்வுபெற்றவர்களுக்கு ஓர் அட்டை

இளம்பிள்ளையில் தறிச் சத்தத்துக்கு நடுவே, ஷிஃப்ட் முடிந்த பையன்கள் செல்போனில் கால்பந்து ஆடுவார்கள். தாங்கள் பிறக்கும் முன்பே ஓய்வுபெற்றவர்களையும் அணியில் சேர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அந்த ஆட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

நிஜ கிளப்புகள் சட்டை எண்ணுக்கு ஓய்வு கொடுக்கும். யோஹான் குரைஃபின் 60-வது பிறந்தநாளில், 2007-ல், அயாக்ஸ் கிளப் அவர் அணிந்த 14-ஐ இனி யாருக்கும் இல்லை என்று எடுத்து வைத்தது. நல்ல மரியாதைதான். திரை ஆட்டம் செய்வது வேறு: ஆளையே மறுபடி களத்தில் இறக்குகிறது.

2017-ல் வந்த ஃபிஃபா 18 வீடியோ கேமைப் பாருங்கள். பெலே, மாரடோனா போன்ற ஒவ்வொரு 'ஐக்கான்' (ஓய்வுபெற்ற ஜாம்பவான்) வீரருக்கும் அணியில் சேர்க்க மூன்று அட்டைகள். ஆட்ட வாழ்வின் வெவ்வேறு கட்டங்கள். வேகம், ஷாட், பாஸ் எல்லாவற்றுக்கும் தனித்தனி எண். உச்சத்தை மட்டும் வைத்து ஓர் ஆளை எடைபோடாத அந்த நிதானத்தை என்ன சொல்லிப் பாராட்டுவது!

நம் சைமன் சுந்தரராஜ் 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாக அடித்த கோல் அதுதான். அவருக்கும் ஓர் அட்டை வேண்டும், அன்றைய வயதோடும் வேகத்தோடும்.